இரைச்சல் வியாபாரம்

வேலைக்குச் சேர்ந்த நாள்முதல் ஓய்வுபெற்ற நாள்வரை எனக்குச் சம்பளம் கொடுத்தவர்கள் எல்லோரும் ஒரே காரியத்துக்காகத்தான் கொடுத்தார்கள்: இரைச்சலைக் குறை. தொலைபேசி, செவிக்கருவி, கார் என்று பொருள் மாறும், கோரிக்கை மாறாது. வேண்டிய ஒலியை வேண்டாத ஒலியால் வகுத்தால் வரும் எண் பெரிதாக இருக்க வேண்டும். எங்கள் தொழிலின் வேதம் இந்த ஒரு வரிதான். அந்த எண்ணைக் கூட்டிக் கூட்டித்தான் ஆஸ்டினில் வீடு வாங்கினேன், மகளைப் படிக்கவைத்தேன். படித்து முடித்த மகள் இப்போது தன் அறையில் உட்கார்ந்து பாட்டுப் போட்டு, அதில் கொஞ்சம் இரைச்சலைச் சேர்த்து, கேசட்டில் விற்கிறாள். 'குலத்தொழிலைத் தலைகீழாகச் செய்கிறாள்' என்று ஊரில் கேட்பவர்களுக்குச் சொல்லிவைத்திருக்கிறேன். அவர்களுக்குப் புரிவதில்லை. எனக்கும் அப்படித்தான்.

1985இல் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் படிக்க ஆஸ்டினில் வந்து இறங்கியபோது என் பெட்டியில் பிரஷர் குக்கர், நார்த்தங்காய் ஊறுகாய், ஒரு டஜன் கேசட் இருந்தன. கேசட்டெல்லாம் விருதுநகர் ரெக்கார்டிங் சென்டரில் பதிந்தவை. ரெக்கார்டிங் சென்டர் என்பது என்ன என்று இன்றைய பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியிருக்கிறது. வேண்டிய பாட்டுகளைத் தாளில் வரிசையாக எழுதிக் கொடுக்க வேண்டும். வெற்று கேசட் நாமே வாங்கிப் போகலாம், டி.டி.கே. என்றால் கடைக்காரர் முகத்தில் ஒரு மரியாதை தெரியும். '90 வேண்டாம் தம்பி, டேப்பு மெல்லிசு, சிக்கிக்கும். 60லயே போட்டுக்குங்க' என்று ஆலோசனை சொல்வார். ஒரு வாரம் கழித்துப் போனால், ஆளுயர ஸ்பீக்கரில் முதல் பாட்டின் தொடக்கத்தை மட்டும் போட்டுக் காட்டி, 'கிளாரிட்டி பாருங்க' என்பார். இளையராஜாவின் வயலின்கள் ஒவ்வொன்றாக எழுந்து வரும். ஸ்பீக்கரில் 'ஸ்ஸ்' என்று ஏதாவது கேட்டால் கேசட்டைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். எங்கள் ஊரில் காசு வாங்கியதே அந்த 'ஸ்ஸ்' இல்லாமல் இருப்பதற்குத்தான்.

என் அறைத்தோழன் டெக்சஸின் மேற்கே லுபக் பக்கத்துப் பருத்தி விவசாயியின் மகன். எங்கள் ஊரும் பருத்தி வியாபாரம் பார்த்த ஊர். எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது பருத்தி ஒன்றுதான். அவன் படித்தது தத்துவம், பாதி நேரம் ஏதோ ஒரு பாண்டில் பேஸ் கிதார் வாசிப்பான். ஒரு நாள் இரவு ஒரு கேசட்டைப் போட்டான். கையால் வரைந்து ஜெராக்ஸ் எடுத்த அட்டை. 'டக்' என்று ஒரு சத்தம்; ரெக்கார்ட் பொத்தானை அமுக்கிய சத்தம்தான், அதையும் வெட்டாமல் விட்டிருக்கிறார்கள். பிறகு ஆடிமாதக் காற்றைப் போல ஒரு இரைச்சல். அதற்குள்ளிருந்து குழந்தைகள் வாசிக்கும் சின்ன ஆர்கன். அதன்மேல் குரல் உடையாத பையன் பாடுவதுபோல ஒரு ஆள் பாடினான்.

'யார் பதிவு செய்தது?' என்றேன்.

'அவனேதான்.'

'எந்த ஸ்டூடியோ?'

'ஹூஸ்டனில் அவன் அண்ணன் வீட்டு கராஜ்.'

பாடியவர் பெயர் டேனியல் ஜான்ஸ்டன். மேற்கு வர்ஜீனியாவில் வளர்ந்து, ஊர் ஊராகப் போகும் பொருட்காட்சிக் கூட்டத்தோடு சேர்ந்து அலைந்து, ஆஸ்டினில் ஒதுங்கியவர். அந்தக் கேசட்டின் பெயர் 'யிப்/ஜம்ப் மியூசிக்'. 1983 கோடையில் மலிவான ஒரு மோனோ டேப் ரெக்கார்டரில் பதிந்தது. மெக்டொனால்ட்ஸில் வேலை பார்த்துக்கொண்டே, கண்ணில் படுகிறவர்களுக்கெல்லாம் கேசட்டைக் கையில் திணித்துக்கொண்டிருந்தார். 1985இலேயே எம்.டி.வி.யின் 'கட்டிங் எட்ஜ்' நிகழ்ச்சி ஆஸ்டின் பாட்டுக்காரர்களைப் படமெடுக்க வந்தபோது கேமராவுக்குள்ளும் புகுந்துவிட்டார். ஆரம்பத்தில் அவருக்கு ஒரு கேசட்டிலிருந்து இன்னொன்றுக்கு நகல் எடுக்கும் வசதி கிடையாது. யாராவது கேட்டால் உட்கார்ந்து மொத்த ஆல்பத்தையும் மறுபடி முதலிலிருந்து பாடிப் பதிந்து கொடுப்பாராம். தோழன் இதைச் சொன்னபோது, தபால் அட்டை கேட்டவனுக்குக் கம்பராமாயணத்தை எழுதிக் கொடுத்த கதையாக இருக்கிறதே என்று நினைத்தேன்.

'சுருதி சேரவில்லை' என்று தோழனிடம் சொன்னேன். இன்று கேட்டாலும் அதையே சொல்வேன். தாளம் தடுமாறுகிறது, ஆர்கன் மூச்சு வாங்குகிறது, பாட்டு நடுவில் அறுந்து போகிறது. ஆனாலும் தூங்கப் போகும்போது மண்டைக்குள் ஓடியது அந்தப் பாட்டுதான். ராஜாவின் வயலின்கள் இல்லை. இதற்கு என் பாடப் புத்தகத்தில் சமன்பாடு இல்லை.

சமன்பாடு இருந்த விஷயம் வேறு. அதைக் கண்டுபிடிக்க உதவியது அம்மா.

அப்போது ஊருக்குப் போன் பேசுவது என்றால் மூன்று நிமிஷத்துக்கு ஒரு வாரச் சாப்பாட்டுக் காசு போய்விடும். அதனால் வீட்டிலிருந்து கேசட் வரும். துபாயிலிருந்து மாமா கொண்டுவந்த நேஷனல் பானாசோனிக் டூ-இன்-ஒன்னை முற்றத்தில் வைத்து, சுற்றி உட்கார்ந்து எல்லோரும் பேசுவார்கள். அப்பா கடிதத்தையே வாய்விட்டுப் படிப்பார்: 'அன்புள்ள மகனுக்கு, நலம், நலமறிய ஆவல்.' அப்பத்தா ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருக்கும். பதில் வராததும், 'பய கோவமா இருக்கான் போல' என்று எழுந்து போய்விடும். அம்மா மட்டும்தான் மெஷினை மனுஷனாக நினைத்துப் பேசுவாள். 'ஏய்யா, சாப்பிடுறியா? மெலிஞ்சுட்டியா?' என்று கேட்டுவிட்டு நிறுத்துவாள். அவள் நிறுத்தின இடத்தில் முற்றத்துச் சுவரிலிருந்து காக்கை கத்தும். அதுவும் எப்படி? அம்மாவின் குரலுக்குச் சரிசமமான சத்தத்தில், காதுக்குப் பக்கத்திலேயே. பின்னால் மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கல் குழாய், குக்கர் விசில், தெருவில் சைக்கிள் மணி. அம்மா பேச ஆரம்பித்ததும் எல்லாம் பின்வாங்கும். நிறுத்தியதும் எல்லாம் திரும்பி வரும்.

மலிவான டேப் ரெக்கார்டர்களில் ஏ.எல்.சி. என்று ஒரு சர்க்யூட் உண்டு. பதிகிற ஒலியின் அளவை அதுவே சரிசெய்துகொள்ளும். சத்தமாகப் பேசினால் குறைக்கும். பேச்சு நின்றால், 'ஐயோ ஒன்றும் கேட்கவில்லையே' என்று பதறி, கூட்டிக்கொண்டே போகும். அப்படிக் கூட்டும்போது அறையில் இருப்பதெல்லாம் மேலே வரும்: காற்று, காக்கை, மெஷினுக்குள்ளேயே ஓடும் மோட்டார். ஜான்ஸ்டனின் கேசட்டிலும் இதேதான் நடந்தது. அவர் பாடும்போது ஒரு ஆள். அவர் நிறுத்தினால் ஒரு கராஜ். ஹூஸ்டனில் பாடிய ஆளும் விருதுநகரில் பேசிய அம்மாவும் ஒரே மாதிரியான சர்க்யூட் வழியாக வந்து என் அறையில் இறங்கினார்கள்.

மீதி இரைச்சல் டேப்பினுடையது. 1963இல் ஃபிலிப்ஸ் கேசட்டைக் கொண்டுவந்தபோது அது பாட்டுக்காக அல்ல, பேச்சைப் பதிந்துகொள்வதற்காக. டேப்பின் அகலம் 4 மில்லிமீட்டருக்கும் குறைவு. ஓடும் வேகம் நொடிக்கு 4.76 சென்டிமீட்டர், ஸ்டூடியோ டேப்பின் வேகமான 38 சென்டிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு. அதன்மேல் பூசியிருக்கும் இரும்புத் துகள்கள் ஆளுக்கொரு திசை பார்த்துக்கொண்டிருப்பதால் வருவதுதான் அந்த 'ஸ்ஸ்'. ஒரு நொடியில் கடந்துபோகும் துகள் குறையக் குறைய 'ஸ்ஸ்' கூடும். அதை இன்னொரு கேசட்டுக்கு நகல் எடுத்தால் இரைச்சலின் ஆற்றல் இரட்டிப்பாகும். எங்கள் கணக்கில் 3 டெசிபல். தோழனிடம் இருந்தது நகலின் நகல். ஜான்ஸ்டனின் கேசட்டுகளை நகலெடுத்துத் தபாலில் விற்றவர் ஜெஃப் டார்டகோவ் என்பவர். அவருடைய லேபிளுக்கு ஸ்ட்ரெஸ் ரெக்கார்ட்ஸ் என்று பெயர். அலுவலகம், கிடங்கு, பணியாளர் எல்லாம் அவர் ஒருவரே.

அமெரிக்காவில் அந்த நேரத்தில் இப்படிப்பட்ட ஒற்றை ஆள் கம்பெனிகள் ஊருக்கு ஒன்றாக முளைத்திருந்தன. வாஷிங்டன் மாநிலத்தின் ஒலிம்பியாவில் கால்வின் ஜான்சன் 1982இல் தொடங்கிய கே ரெக்கார்ட்ஸ் ஒரு கேசட்டோடுதான் பிறந்தது. சில வருஷம் கழித்துத் தென் கலிஃபோர்னியாவில் ஷ்ரிம்பர் என்று ஒன்று. மனநல மருத்துவமனையில் நர்ஸாக இருந்த ஜான் டார்னியேல், 'மௌண்டன் கோட்ஸ்' என்ற பெயரில் பாடிய ஆரம்பக் கேசட்டுகளை வெளியிட்டது. அவர் பாடிப் பதிந்ததும் ஒரு பானாசோனிக் டூ-இன்-ஒன்னில். அதன் மோட்டார் அரைக்கும் சத்தம் பாட்டு முழுக்க மாவு மில்லாக ஓடும். எங்கள் மாமாவின் பெட்டியும் அவருடைய பெட்டியும் மாட்சுஷிடா என்ற ஒரே ஜப்பான் கம்பெனியின் பிள்ளைகள். இவர்களில் பலரும் இரைச்சலை விரும்பித் தேடிப் போனவர்கள் இல்லை. ஸ்டூடியோவுக்கு மணிக்கு இவ்வளவு என்று வாடகை. அதைக் கொடுக்கக் காசு இல்லை. கொடுக்கும் கம்பெனியிடம் போய் நிற்க மனமும் இல்லை. யாரையும் கேட்காமல் பாடியதற்கு அவர்கள் கட்டிய வரிதான் அந்த 'ஸ்ஸ்'.

நான் படிப்பை முடித்து வேலையில் சேர்ந்தேன். கேசட்டை ஓரங்கட்டிய சி.டி.யில் இரைச்சலுக்கும் உச்ச ஒலிக்கும் நடுவே கணக்குப்படி 96 டெசிபல் இடைவெளி. சாதாரண கேசட்டுக்கு 50ஐத் தொட்டாலே பெரிது. சண்டையில் நாங்கள் ஜெயித்துவிட்டோம் என்றுதான் தொழில்காரர்கள் எல்லோரும் நம்பினோம்.

ஆஸ்டின் வேறு மாதிரி நம்பிக்கொண்டிருந்தது. 1992இல் நிர்வாணா பாண்டின் கர்ட் கோபேன் எம்.டி.வி. விருது விழாவுக்கு ஜான்ஸ்டனின் தவளைப் படம் போட்ட பனியனோடு வந்தார். குச்சிமேல் கண் முளைத்த தவளை. 'ஹை, ஹவ் ஆர் யூ' என்ற கேசட்டின் அட்டைப் படம். அடுத்த வருஷம் பல்கலைக்கழக வளாகத்துக்கு எதிரே, குவாடலூப் தெரு முனையில் இருந்த சவுண்ட் எக்ஸ்சேஞ்ச் கடைக்காரர்கள் அதே தவளையைச் சுவரில் பெரிதாக வரையும்படி ஜான்ஸ்டனிடம் சொன்னார்கள். பெரிய கம்பெனிகள் தேடி வந்தன. எலெக்ட்ரா வந்தபோது, மெட்டாலிக்கா பாண்ட் இருக்கும் கம்பெனி சாத்தானுடையது என்று சொல்லி ஜான்ஸ்டன் மறுத்துவிட்டார். 1994இல் அட்லாண்டிக் கம்பெனிக்காக நல்ல ஸ்டூடியோவில் 'ஃபன்' என்ற ஆல்பம் பதிந்தார். கிளாரிட்டி பிரமாதம். விற்கவில்லை. இரண்டு வருஷத்தில் கம்பெனி கைகழுவியது.

அந்த மனிதர் பட்டதையும் சொல்ல வேண்டும். தவளைப் பனியன் ஊர் சுற்றிய காலத்தில் அதை வரைந்தவர் மனநோயோடு மருத்துவமனைக்கு உள்ளேயும் வெளியேயுமாக இருந்தார். 1990இல் அப்பா ஓட்டிய சின்ன விமானத்தில் போகும்போது, நோயின் உச்சத்தில் சாவியைப் பிடுங்கி வெளியே எறிந்தார். மரங்களின்மேல் விழுந்த விமானத்திலிருந்து இருவரும் உயிரோடு வந்தது அதிசயம். பாட்டின் நடுவே அறுந்துபோன இடங்களை ரசனையோடு பேசுகிறவர்கள், அது எங்கே அறுந்தது என்பதை அதிகம் பேசுவதில்லை.

தவளைச் சுவர் இருந்த சவுண்ட் எக்ஸ்சேஞ்ச் கடை மூடப்பட்டது. அந்த இடத்துக்கு மெக்சிகோ உணவகம் வந்தது, சுவரை இடிக்கப் போகிறார்கள் என்றதும் ஊர் திரண்டது, தவளை பிழைத்தது. பின்னால் அங்கே வந்த தாய்லாந்து உணவகம் தன் பெயரையே 'தாய், ஹவ் ஆர் யூ' என்று வைத்துக்கொண்டது. 2018இல் ஜான்ஸ்டனின் பிறந்த நாளான ஜனவரி 22ஐ, ஒருவரையொருவர் 'எப்படி இருக்கிறாய்' என்று விசாரிக்கும் நாளாக ஆஸ்டின் நகரம் அறிவித்தது. 2019இல் அவர் இறந்தார். கேசட்டைக் கையில் திணித்தபோது சிரித்து வாங்கி பையில் போட்டுக்கொண்ட நகரம், பிற்பாடு வெளியூர்க்காரர்களை அழைத்துப்போய் அந்தச் சுவருக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுத்தது. என் தங்கை வந்திருந்தபோது நானும் எடுத்தேன். 'இது என்னண்ணே, தவக்காளையா?' என்றாள்.

இப்போது மகளின் வேலைக்கு வருகிறேன். அவளுடைய மடிக்கணினியில் இருக்கும் வசதிக்கு, 1985இல் சென்னையின் எந்த ஸ்டூடியோவும் பக்கத்தில் வராது. பாடினால் பாடியது மட்டும் பதியும். மூச்சைக்கூட வேண்டுமானால் எடுத்துவிடலாம். இப்படித் துடைத்துவைத்த குரலை எடுத்து, காசு கொடுத்து வாங்கிய ஒரு மென்பொருளில் போடுகிறாள். அதில் வரிசையாகத் திருகுகள். ஒன்று டேப் இரைச்சல், ஒன்று டேப் இழுபட்டுச் சுருதி ஆடும் ஆட்டம், ஒன்று பழைய ரெக்கார்டின் பொரிச்சல். நாங்கள் ஒவ்வொன்றுக்கும் எத்தனை பேடண்ட் எழுதினோமோ, அத்தனைக்கும் எதிர்ப்பக்கம் ஒரு திருகு. அளவாகத் திருகி, கேட்டு, 'இன்னும் கொஞ்சம் அழுக்கா இருக்கணும்பா' என்கிறாள். பிறகு அது மிசூரியில் ஸ்பிரிங்ஃபீல்டில் இருக்கும் நேஷனல் ஆடியோ கம்பெனிக்குப் போகிறது. எல்லோரும் கேசட்டைக் கைவிட்ட காலத்திலும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்த ஆலை. 2018 முதல் டேப்பையும் தாங்களே செய்கிறார்கள். அங்கே இந்தச் செயற்கை இரைச்சலை நிஜ டேப்பில் ஏற்றுகிறார்கள். நிஜ டேப் தன் பங்குக்குக் கொஞ்சம் 'ஸ்ஸ்' போடுகிறது. பொய்க்கு மேல் மெய், விலை ஒன்றுதான்.

வெளியிடும் லேபிளும் ஒற்றை ஆள்தான், அதில் மாற்றமில்லை. நூறு பிரதி. அட்டைக்குள் ஒரு சின்னத் தாள். அதில் இருக்கும் எண்ணை இணையத்தில் அடித்தால் பாட்டு சுத்தமாக இறங்கும். வாங்குகிறவர்களில் பலரிடம் கேசட் போடும் பெட்டியே இல்லையாம். 'பிறகு எதற்கு வாங்குகிறார்கள்?' என்றேன். 'அலமாரியில வைக்க.' பூஜை அறையில் வீணை வைத்திருக்கும் வீடுகள் நமக்குத் தெரியாததா, மேலே கேட்கவில்லை.

கணக்கு மட்டும் அவள் பக்கம் நியாயமாக இருந்தது. வினைல் ரெக்கார்டு அச்சடிக்கப் போனால் பல ஆலைகளில் சில நூறாவது எடுத்தாக வேண்டும், மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஸ்ட்ரீமிங்கில் ஆயிரம் பேர் கேட்டாலும் ஒரு வேளைச் சாப்பாட்டுக்குத் தேறாது. நூறு கேசட் விற்றால் அடுத்த கேசட் போடக் காசு நிற்கும். இந்த விஷயத்தில் டார்டகோவின் காலத்துக்கும் இவளுடைய காலத்துக்கும் பெரிய தூரமில்லை. கேட்கிற நூறு பேரை நேராகப் பிடிக்க அன்றைக்கும் மலிவான வழி கேசட்தான், இன்றைக்கும் அதுதான்.

இரைச்சல் எதற்கு என்று கேட்டேன்.

'அப்பா, அது இருந்தாத்தான் யாரோ ஒருத்தர் ஒரு ரூம்ல உக்காந்து பாடுறாங்கன்னு தெரியும்.'

சரியான பதில். என் ஆட்சேபம் அந்த அறையைப் பற்றியது. ஜான்ஸ்டனின் இரைச்சலைத் தோண்டினால் உள்ளே ஹூஸ்டனில் ஒரு கராஜ் இருந்தது. அம்மாவின் இரைச்சலைத் தோண்டினால் ஒரு முற்றம், ஒரு காக்கை, பங்குனி மாதம். இவள் சேர்க்கும் இரைச்சலைத் தோண்டினால் ஸ்வீடனிலோ கலிஃபோர்னியாவிலோ ஒரு மென்பொருள்காரர் தயாரித்த கோப்பு இருக்கிறது. அதே கோப்பு இன்னும் ஆயிரம் பேர் பாட்டிலும் இருக்கிறது. இவளுக்கும் ஒரு அறை இருக்கிறதே. ஜன்னலுக்கு வெளியே ஆஸ்டினின் கிராக்கிள் பறவைகள் துருப்பிடித்த கதவுபோல் கத்துகின்றன. அதை முதலில் துடைத்துவிட்டுத்தான் வாங்கிய இரைச்சலைச் சேர்க்கிறாள்.

துடைப்பது அவள் மட்டுமில்லை. வாரம் தவறாமல் அம்மாவை வாட்ஸ்அப்பில் கூப்பிடுகிறேன். குரல் பக்கத்து அறையிலிருந்து வருவதுபோல் வருகிறது. வேறு ஒரு சத்தமும் இல்லை. ஒரு நாள் மொட்டை மாடியில் நின்று பேசிக்கொண்டிருந்தாள். திரையில், அவள் தலைக்குப் பின்னால் கைப்பிடிச் சுவரில், காக்கை வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. சத்தம் வரவில்லை. 'காக்கா கத்துதாம்மா?' என்றேன். 'காது கிழியுது. ஒனக்குக் கேக்கலையா?' என்றாள். போனுக்குள் இருக்கும் மென்பொருள் ஏராளமான மனிதப் பேச்சைக் கேட்டுப் பழகி, எது பேச்சு என்று தெரிந்துவைத்திருக்கிறது. மற்றதெல்லாம் அதற்குக் குப்பை. அப்படி ஒன்றைச் செய்துகொடுப்பதுதான் என் கடைசி உத்தியோகம், நன்றாகவே செய்தோம். ஆக, இன்றைய ஏற்பாடு இதுதான்: இரைச்சல் உள்ள இடத்தில் அதை அழிக்க ஒருவருக்குச் சம்பளம்; இல்லாத இடத்தில் அதைச் சேர்க்க இன்னொருவருக்கு விலை. எங்கள் வீட்டில் இரண்டு பேரும் ஒரே மேசையில் சாப்பிடுகிறோம்.

இந்த ஆட்சேபத்தை எல்லாம் மகளிடம் சொன்னேன். பழைய பெட்டியிலிருந்து அம்மாவின் கேசட்டுகளையும் எடுத்துப் போட்டுக் காட்டினேன். ஏ.எல்.சி. கூட்டிக் கூட்டிக் காக்கையைக் காதருகில் கொண்டுவரும் இடம் வந்ததும், மகள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். மென்பொருளில் ஒரு திருகையும் தொடவில்லை. அடுத்த கேசட்டின் சைடு பி முழுக்க அந்த முற்றத்துச் சத்தத்தின்மேல்தான் பாடப் போகிறாளாம். பேச்சை எடுத்துவிட்டு, பேச்சு நின்ற இடங்களை மட்டும் சேர்த்துக்கொள்ளப் போகிறாளாம். அனுமதி கேட்க விருதுநகருக்குப் போன் போட்டோம்.

அம்மா பொறுமையாகக் கேட்டாள். 'அப்ப நான் பேசினது வேணாமாக்கும். பேசாம இருந்ததுதான் வேணுமாக்கும்.'

'காக்காதான் அப்பத்தா ஹீரோ' என்றாள் மகள். 'விக்கிற காசுல பத்து பர்செண்ட் அதுக்கு எழுதிடலாம்.'

'அதுக்கு எதுக்கு?' என்றாள் அம்மா. 'தினமும் வீட்டுல மொதச் சோறு தின்ன காக்கா அது. கணக்கு அப்பவே நேராயிருச்சு. பாடுனதுக்குச் சோறு போட்டது நான். என் பங்க ஒழுங்கா அனுப்பிவை.'